காக்காய்ப்பொன் வட்டு

நான் வசிக்கும் ஊரின் பெயர் எடிசன். நியூ ஜெர்சியில் இருக்கிறது. முருங்கைக்காயும் இட்லி மாவும் பத்து நிமிட தூரத்தில் கிடைக்கும் என்பதற்காகவே எங்களில் பலர் இங்கே வீடு எடுத்தோம். ஊர்ப் பெயரைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. 1954 வரை இதன் பெயர் ராரிட்டன் டவுன்ஷிப். அதன் ஒரு மூலைதான் மென்லோ பார்க். மென்லோ பார்க் என்றால் எங்கள் ஆட்களுக்கு மால்தான் நினைவுக்கு வரும். ஆனால் கிறிஸ்டி தெருவில் ஒரு கோபுரம் நிற்கிறது, உச்சியில் பெரிய கண்ணாடி பல்போடு. 1877ஆம் ஆண்டின் இறுதியில், அந்த இடத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில்தான் மனிதக் குரல் முதன்முதலாகப் பதிவாகித் திரும்ப ஒலித்தது. எடிசன் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து ஜான் குரூசி என்ற கைவினைஞர் கருவியைச் செய்தார். உருளையைச் சுற்றித் தகரத்தாள். எடிசன் குழந்தைப் பாட்டு ஒன்றைச் சொல்ல, ஊசி அதைத் தாளில் குத்தியது. மறுபடி சுற்றியபோது இயந்திரம் அதையே திருப்பிச் சொன்னது.

ஓக் ட்ரீ சாலையில் காய்கறி வாங்கிவிட்டு அந்தக் கோபுரத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவேன். ஆனாலும் பழைய பாட்டுப்பெட்டிகள் என் வாழ்க்கைக்குள் வந்தது ஊர்ப் பெயரால் அல்ல, தொழிலால். முதுகலை படிக்க இந்த நாட்டுக்கு வந்தவன் நான். இப்போது ஆலோசகன் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருந்தாலும் செய்வது ஒரே வேலைதான். எழுதியவர்கள் ஓய்வுபெற்றுப் போன பழைய மென்பொருளை இன்னும் கொஞ்ச நாள் ஓடவைப்பது. ஒரு பகுதி பழுதானால் அதே மாதிரி வேறொன்று கிடைக்காது. கிடைத்தாலும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. பகலில் செய்வதையே இரவில் பல்சக்கரங்களோடு செய்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அதில் எனக்கு மறுப்பில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழில் குழல் வைத்த பெட்டி எல்லாமே கிராமபோன்தான். ஆனால் உதிரிபாகம் தேடுகிறவனுக்கு இரண்டும் இரண்டு சாதி. எடிசனின் போனோகிராஃப் உருளையில் பாடும். அதன் பள்ளத்தின் ஆழம் கூடிக் குறைவதில் ஒலி இருக்கிறது. ஊசி மேலும் கீழுமாக, மேட்டுநிலத்தில் வண்டி போவதுபோலப் போகும். எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை கேட்ட கிராமபோன் தட்டில் பாடும். அங்கே பள்ளம் இடமும் வலமுமாக வளைகிறது. ஒன்றின் ஒலிப்பெட்டி மற்றொன்றுக்கு உதவாது. பெர்லினருக்கு வில்சுருள் மோட்டார் செய்து கொடுத்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் இதே மாநிலத்தின் கேம்டன் ஊர்க்காரர். 1901இல் அவர் தொடங்கியதுதான் விக்டர் கம்பெனி. நாய் உட்கார்ந்து குழலைக் கேட்கும் படத்தை அறியாத தமிழர் இருக்க முடியாது. பிரான்சிஸ் பராட் முதலில் அந்த நாயை ஓர் உருளைப் போனோகிராஃபின் முன்னால்தான் உட்காரவைத்து வரைந்திருந்தார். பிறகு அதன்மேல் கிராமபோனைத் தீட்டினார். உலகத்தின் மிகப் பிரபலமான கிராமபோன் படமே ஓர் உதிரிபாக மாற்றம்தான்.

என் மேசைக்கு அதிகம் வருவது எடிசன் ஸ்டாண்டர்ட். 1898இல் 20 டாலருக்கு வந்த பெட்டி. ஓக் மரம், மேலே வளைந்த மூடி, பக்கவாட்டில் சாவிக் கைப்பிடி. உள்ளே ஒரு தகர உருண்டைக்குள் ஒற்றை வில்சுருள். அதிலிருந்து பல்சக்கரங்கள், வேகக் கட்டுப்பாடு, ஒரு தோல் வார். வார் மேலே இருக்கும் உருளைத்தண்டைச் சுற்றும். தண்டு ஒரு முனையில் லேசாகச் சிறுத்திருக்கும். மெழுகு உருளையை அதில் செருகினால் தானே இறுகி நிற்கும். ஒலிப்பெட்டியைச் சுமக்கும் கையை ஒரு திருகுத்தண்டு நகர்த்திக்கொண்டு போகும். அங்குலத்துக்கு 100 புரி. தட்டுப் பெட்டியில் பள்ளமே ஊசியை இழுத்துப் போகிறது. இங்கே அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. அதனால்தான் இந்தப் பெட்டியால் பதிவும் செய்ய முடிந்தது. ஒலிப்பெட்டியைக் கழற்றிவிட்டு வெட்டும் முனையை மாட்டினால் போதும். வீட்டில் பேசலாம், பாடலாம், பிடிக்காவிட்டால் மெழுகைச் சீவிவிட்டு மறுபடி பாடலாம். அந்தக் காலத்துத் தட்டுப் பெட்டிகளில் பொதுவாக இந்த வசதி இல்லை.

பழுது பார்க்க வரும் பெட்டிகளில் முதல் நோய் வில்சுருள். நூறு வருஷத்து மசகு கறுத்துப் பிசினாகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டு நடுவில் ‘டங்’ என்று ஒரு உதை கேட்டால், ஒட்டியிருந்த சுற்று பிய்ந்து விடுபடுகிறது என்று அர்த்தம். உருண்டையைத் திறக்கும் முன் சாவியை முழுக்க இறக்கிவிட வேண்டும். தடித்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது. முழு வலுவோடு வெளியே பாயும் எஃகுப் பட்டை விரலைக் கேட்டுக்கொண்டு வெட்டாது. உடைந்திருந்தால் புதியது வாங்கலாம், நல்ல வில்சுருள்கள் இன்றும் செய்யப்படுகின்றன. ஆனால் ‘ஸ்டாண்டர்டுக்கு ஒன்று’ என்று கேட்டால் போதாது. அகலம், கனம், நீளம், முனையில் எந்த வடிவத் துளை என்று நான்கையும் அளந்து சொல்ல வேண்டும். கனம் சற்றுக் கூடினால் பெட்டி முரட்டுத்தனமாக இழுக்கும். குறைந்தால் உருளையின் கடைசி அரை நிமிடத்தில் பாடகர் தூங்கிப்போவார்.

சுத்தம் செய்த சுருளுக்குப் பூசுவது காரீயம் கலந்த மசகு. பென்சிலில் இருக்கும் அதே காரீயம்தான். இதைப் பூசும்போதெல்லாம் என் இலங்கை நண்பர் ஒருவரின் நினைவு வரும். அவர் அதைப் பென்சிற்கரி என்பார். இந்தப் பெட்டிகள் தயாரான காலத்தில் உலகத்துக்குச் சிறந்த காரீயம் அனுப்பிக்கொண்டிருந்த இடங்களில் முன்வரிசையில் இருந்தது இலங்கை. போகல, ககடகக போன்ற சுரங்கங்களில் மண்ணுக்கு அடியில் ஏணி வைத்து இறங்கி வெட்டியெடுத்த கல். கேம்டனிலோ வெஸ்ட் ஆரஞ்சிலோ ஒரு குறிப்பிட்ட சுருளில் இருந்த கரி எந்தக் குழியிலிருந்து வந்தது என்று யாராலும் காட்ட முடியாது. காட்டத் தேவையும் இல்லை. அமெரிக்கப் பெருமை என்று அருங்காட்சியகத்தில் வைக்கும் பெட்டிக்குள் யாருடைய நாடுகளெல்லாம் சுழன்றன என்பது மசகு பூசுகிறவன் கையில் ஒட்டிக்கொள்கிறது.

காரீயம் மட்டுமல்ல. கிராமபோன் தட்டு அரக்கால் ஆனது. குசும், பலாசு மரக் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். அதைக் காய்ச்சி வடித்து உலகத்துக்கு அனுப்பியது பெரும்பாலும் இந்தியாதான். கிராமபோன் கம்பெனி 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவுசெய்தபோது தட்டு அச்சாக ஜெர்மனியின் ஹானோவர் வரை போக வேண்டியிருந்தது. அரக்கு இங்கிருந்து போனது, பாட்டும் இங்கிருந்து போனது, இரண்டும் ஒன்றாகித் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் அந்தப் பயணம் குறைந்தது.

மூன்றாவது காக்காய்ப்பொன். ஒலிப்பெட்டிக்குள் ஊசியின் அசைவை வாங்கிக் காற்றை அசைக்கும் வட்டு இதனால் செய்யப்பட்டது. மைக்கா என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கள் ஊரில் சிறுவர்கள் மணலில் பொறுக்கி, பொன் என்று நம்பிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டதால் நான் காக்காய்ப்பொன் என்றே எழுதுகிறேன். ஏடு ஏடாகப் பிரியும், வெப்பத்துக்கு வளையாது, ஈரத்தில் ஊறாது, கண்ணாடிபோல இருந்தும் கண்ணாடிபோல நொறுங்காது. ஒலிக்கென்றே படைத்ததுபோல ஒரு கல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உலகச் சந்தைக்குப் போன தகட்டு மைக்காவில் பெரும்பங்கு இந்தியாவுடையது. இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மா ஒரு பக்கம். மறுபக்கம் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர், கூடூர்ப் பகுதி. கத்தியால் ஏடு பிரிக்கும் வேலையில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். குழலுக்குள்ளிருந்து வரும் பெருங்குரல்களின் பெயர் தட்டின் நடுவில் அச்சாகியிருக்கிறது. அந்தக் குரலைக் காற்றுக்கு ஒப்படைத்த வட்டைப் பிரித்த விரல்களுக்கு எங்கும் பெயர் இல்லை.

பழைய வட்டின் ஓரங்களில் ஏடு பிரிந்து வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் அதிர்வு ஒழுங்காக இராது. குரல் கரகரக்கும். புதிய வட்டு வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்து, காற்றுக் குமிழ் இருக்கிறதா, கனம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பேன். இதைவிட அதிகம் பாழாவது வட்டைத் தாங்கும் ரப்பர் வளையம். வட்டு தளர்ந்தும் இருக்கக் கூடாது, நெரிபடவும் கூடாது. நூறு வருஷத்தில் அந்த ரப்பர் கல்லாகிவிடுகிறது. ஸ்பீக்கருக்கு முன்னால் கம்பளி போர்த்தியதுபோல ஒலி வருகிறது என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது சில டாலர் பெறுமான ரப்பர்தான். விக்டர் ஒலிப்பெட்டியில் அது மெல்லிய ரப்பர்க் குழாய். வட்டத்துக்குச் சரியாக வெட்டி, இரு முனையும் இடைவெளி இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் முட்ட வேண்டும். அதைச் சரியாக வைத்து மூடிய பின் முதல் தடவை குழல் வாய்திறக்கும் நொடிக்காகத்தான் மற்ற எல்லா அழுக்கையும் சகித்துக்கொள்கிறேன்.

வேகக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மெல்லிய எஃகு இலைகள் மூன்று, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குண்டு. சுழற்சி கூடும்போது குண்டுகள் வெளியே விரிந்து ஒரு வட்டை இழுக்கும். வட்டு தோல் துண்டில் உரசி வேகத்தைக் குறைக்கும். கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரம் இல்லை, தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஒரு சுற்று மட்டும். இலைகளில் ஒன்று உடைந்தால் மூன்றையும் மாற்ற வேண்டும். ஒரே கனம் இல்லாவிட்டால் அச்சு தள்ளாடி, பாட்டு நீரில் மிதப்பதுபோல ஆடும். தோல் வாரின் இணைப்பிலும் இதே சிக்கல். ஒட்டுமிடத்தில் இரு முனைகளையும் சீவி மெலிதாக்காமல் ஒட்டினால், அந்த மேடு சக்கரத்தில் ஏறும் ஒவ்வொரு தடவையும் சுருதி ஒரு விக்கல் எடுக்கும்.

எடிசன் வார்ப்பு உருளைகளுக்கு நிமிடத்துக்கு 160 சுற்று. உருளையின் விளிம்பில் ஒரு தாள் துணுக்கைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவதே இன்றும் நம்பகமான முறை. தட்டுக்கு வரிப் பட்டை போட்ட அட்டை உண்டு. அமெரிக்க மின்விளக்கின் கீழ் 92 வரி அசையாமல் நின்றால் வேகம் 78.26. இந்தியாவின், இலங்கையின் 50 சுழற்சி மின்சாரத்தில் அதே வேலைக்கு 77 வரி அட்டை வேண்டும். அது காட்டுவது 77.92. ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையை இங்கே வைத்து, பெட்டி பழுது என்று முடிவுகட்டிய நண்பர்கள் உண்டு.

இனி ஊசி. இங்கேதான் வரலாறு சுவாரசியமாகிறது. தட்டுக் கிராமபோனில் எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. தட்டில் கலந்த கல்தூள் ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தேய்ந்த ஊசியைத் திரும்பப் போட்டால் தேய்வது தட்டு. எடிசனோ நீலக்கல் முனை வைத்தார். மாற்ற வேண்டியதில்லை, ஆனால் சில்லு பெயர்ந்தால் உளியாகிவிடும். ஒவ்வொரு உருளையையும் செதுக்கிக் குப்பையாக்கும். அதனால் எந்தப் பெட்டி வந்தாலும் பூதக்கண்ணாடியில் ஊசி முனையைப் பார்க்கும்வரை உருளை எதையும் மாட்ட மாட்டேன்.

2 நிமிடம் பாடும் உருளைகளால் வியாபாரம் படுத்தபோது 1908இல் எடிசன் 4 நிமிட அம்பரோல் உருளையை விட்டார். அளவு அதே அளவு. பள்ளம் மட்டும் அங்குலத்துக்கு 200. பழைய பெட்டி அதைப் பாட முடியாது. திருகுத்தண்டு இருமடங்கு வேகத்தில் ஒலிப்பெட்டியை நகர்த்தும், பழைய ஊசி பள்ளத்தைவிடப் பருமன். என் தொழிலில் இந்தக் கட்டத்தில் கம்பெனிகள் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். பழைய பெட்டிக்கு ஆதரவு முடிந்தது, புதியதை வாங்குங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வரும். எடிசன் கம்பெனி இணைப்புப் பெட்டி விற்றது. கூடுதல் பல்சக்கரம், மெல்லிய முனை கொண்ட எச் வகை ஒலிப்பெட்டி. 2 நிமிடத்துக்கும் 4 நிமிடத்துக்கும் ஒரு குமிழால் மாற்றிக்கொள்ளலாம். பண்ணை வீட்டில் பத்து வருஷம் முன்னால் வாங்கிய பெட்டி புது உருளையைப் பாடியது. இன்று அந்த இணைப்புச் சக்கரம் தனியாகக் கிடைப்பது கடினம். இருக்கிற பெட்டியைப் பிரித்து விற்கிறவர்களிடம்தான் கிடைக்கும்.

எடிசனைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. காப்புரிமைச் சண்டையில் இரக்கமற்றவர், தனக்குப் பிடிக்காத பாடகர்களைத் தன் அரைச் செவிட்டுக் காதால் நிராகரித்தவர். ஆனால் உருளை வாங்கியவர்களை அவர் கம்பெனி கைவிடவில்லை. 1912இல் பிளாஸ்டர் உள்ளீட்டின்மேல் செல்லுலாய்டு போர்த்திய நீல அம்பரோல் வந்தது. கீழே போட்டாலும் உடையாத உருளை. அதே ஆண்டு தானும் தட்டுக்கு மாறி வைரத் தட்டை விட்டார். 1914 டிசம்பரில் வெஸ்ட் ஆரஞ்சு தொழிற்சாலை எரிந்தது, ஆய்வுக்கூடம் தப்பியது. அதையொட்டிய காலத்திலிருந்து உருளைகளுக்கென்று தனியாகப் பாடுவது நின்றது. வைரத் தட்டை ஒரு குழல் பாட, இன்னொரு குழல் அதைக் கேட்டு உருளையில் பதிந்தது. அந்தக் காலத்து நீல அம்பரோலை நல்ல பெட்டியில் கேட்டால், பாட்டு ஒரு குழாய்க்கு அப்பால் நின்று பாடுவதுபோல இருக்கும். அதைப் பழுது என்று நினைத்து ஒலிப்பெட்டியைத் திரும்பத் திரும்பப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பழுதல்ல, பதிவிலேயே இருப்பது. ஊரே தட்டுக்கு மாறிய பிறகும் இப்படிக் கடைசி உருளைக்காரனுக்காக நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1929 அக்டோபரில்தான் கடையை மூடினார்கள்.

அதற்குப் பிறகு வந்த பாகங்கள் எல்லாம் ஆர்வலர்களின் கைவேலை. ஜார்ஜ் ஃப்ரோ எழுதிய எடிசன் உருளைப் பெட்டிகள் பற்றிய நூலும், எரிக் ரைஸ் எழுதிய பழுதுபார்ப்பு நூலும் இல்லாத பட்டறை குறைவு. மிச்சிகனிலும் கலிஃபோர்னியாவிலும் சங்கங்கள் இருக்கின்றன. பழைய பெட்டிச் சந்தைகளுக்குப் போனால் நரைத்த மனிதர்கள் சுருட்டுப் பெட்டிகளில் திருகுகளை வகைபிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் திருகுகளின் புரி இன்றைய கடைத் திருகுகளோடு பெரும்பாலும் சேராது. கட்டாயப்படுத்தினால் பழைய துளைதான் அழியும். என்னைப் போன்ற பழுப்புத் தோல்காரன் முதல் தடவை போய் நின்றபோது, எந்தப் பெட்டிக்கு என்று மட்டும்தான் கேட்டார்கள். மாடலும் வரிசை எண்ணும் சொன்னேன். அதற்குப் பிறகு நான் எங்கிருந்து வந்தவன் என்பதைவிட என் பெட்டியின் வரிசை எண் எவ்வளவு பழையது என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாகிவிட்டது.

சில பாகங்களுக்கு மருந்தே இல்லை. துத்தநாகக் கலவையில் வார்த்த கைகளும் வளையங்களும் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், தொட்டால் உதிரும். கலவையில் சிறிதளவு ஈயம் கலந்திருந்தாலும் உலோகம் உள்ளிருந்தே அரித்து, வீங்கி, வெடிக்கும். ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. வேறு பாகங்களைக் கவ்விக்கொண்டு வீங்குவதால் நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும். மிகத் தூய துத்தநாகத்தால் இந்த நோயைத் தீர்த்த கலவையை 1920களின் இறுதியில் கொண்டுவந்தது நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி. குழல் பெட்டிகளின் காலம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. இப்போது சிலர் உடைந்த துண்டுகளை அளந்து முப்பரிமாண அச்சில் எடுத்துப் பித்தளையில் வார்க்கிறார்கள். நானும் கம்ப்யூட்டரில் வரைந்து தருவதுண்டு. அப்படிச் செய்த பாகத்தின் உட்புறத்தில் ஆண்டைப் பொறித்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். கேட்கிறவர்களில் சிலருக்கு அது பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பது விற்கும்போது தெரியும்.

பிடிக்காதவர்களைப் பற்றிப் பேசினால் எங்கள் நாட்டைப் பற்றியும் பேச வேண்டும். பழைய பெட்டி ஆர்வலர்களிடையே ‘கிராப்போஃபோன்’ என்று ஒரு கேலிச்சொல் உண்டு, குப்பை என்ற பொருளில். பெரும்பாலும் இந்தியாவில் தயாராகி உலகமெங்கும் விற்கப்படும் போலிப் பெட்டிகளுக்கு அந்தப் பெயர். பளபளக்கும் பித்தளைக் குழல், புது மரத்தில் செதுக்கிய எண்கோணப் பெட்டி, முன்னால் நாய்ப் படம். மும்பை சோர் பஜாரில் வரிசையாக நிற்கும். முதல் தடவை அந்தச் சொல்லைக் காதில் கேட்டபோது கூச்சமாக இருந்தது உண்மை.

ஒரு பொங்கல் விருந்தில் நண்பர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

“அண்ணே, நீங்கதான் பழைய கிராமபோனெல்லாம் பாக்குறீங்களாமே. ஒரிஜினல் எச்.எம்.வி. நூறு வருஷத்துப் பெட்டி. பாட்டுதான் வரமாட்டேங்குது.”

சாவி போடும் துளை பெட்டியில் ஓர் இடத்திலும் மோட்டார் இன்னோர் இடத்திலும் இருந்தது. நடுவில் புதிதாக ஒட்டவைத்த கம்பி. குழலைத் தாங்கும் வளைவு தெருவில் குழாய் வேலைக்காரர் வளைத்ததுபோல. மேல்பலகையைத் தூக்கினேன். உள்ளே இருந்தது கையில் தூக்கிப்போகும் பெட்டி கிராமபோனின் மோட்டார், 1930கள் வாக்கினது. நூறு வருஷக் குழலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குழலும் பெட்டியும் புதுசு, மோட்டார் மட்டும் நிஜம் என்று சொன்னேன். நண்பரின் முகம் சுருங்கியது. அவர் மனைவி, “நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்று சிரித்துக்கொண்டே பொங்கல் தட்டை நீட்டினார்.

சுத்தம் செய்து சாவி கொடுத்தபோது அந்த மோட்டார் சத்தமே இல்லாமல் ஓடியது. கூட்டத்தில் பலரும் கவனிக்கவில்லை. அது ஏதோ ஒரு வீட்டில், திருமணத்தில், தேநீர்க் கடையில் உண்மையாகப் பாடிய மோட்டார். பழைய சாமான் கடையில் எடைக்குப் போக இருந்ததை யாரோ ஒரு மேஸ்திரி எடுத்து, பல்சக்கரத்தைச் சீராக்கி, வில்சுருளைக் கட்டி, மறுபடி ஓடவிட்டிருக்கிறார். அமெரிக்கச் சந்தைகளில் சுருட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இருக்கும் அதே கை. நாய்ப் படத்தை ஒட்டிப் பொய் சொல்லி விற்றது கேடு. அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் கேலிச்சொல்லை இப்போது யாராவது சொன்னால், மோட்டாரைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்கிறேன்.

போலியைவிட எனக்கு அதிகம் பயம் தருவது நல்ல பெட்டியும் நல்ல எண்ணமும்தான். வீட்டில் பதிந்த பழுப்பு மெழுகு உருளைகள் அவ்வப்போது வரும். மெழுகு என்கிறோம், வேதியியலில் அது ஒருவகை சோப்பு. நகமே கீறும். பூஞ்சை பிடித்து வெண்புள்ளியாகும், அந்தப் புள்ளிக்குக் கீழே ஒலி ஏற்கெனவே தின்னப்பட்டிருக்கும். வார்ப்பு உருளைக்கான கனத்த ஒலிப்பெட்டியை அதில் வைத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உழுதுகொண்டு போகும். கடையில் வாங்கிய பாட்டு என்றால் உலகத்தில் இன்னொரு பிரதி இருக்கலாம். வீட்டில் பதிந்ததற்கு இன்னொன்று கிடையாது.

பக்கத்து ஊரிலிருந்து எழுபது தாண்டிய ஒரு பெண்மணி அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். அட்டைக் குழலின் மூடியில் பென்சிலால் ஒரு பெயர், அவருடைய பாட்டனார் பெயர். கூடவே குடும்பத்தின் ஸ்டாண்டர்ட் பெட்டி. பெட்டியைச் சரிசெய்து அதிலேயே போட்டுக் காட்ட வேண்டும் என்றார். பெட்டியைச் சரிசெய்கிறேன், உருளையை முதலில் வேறிடத்துக்கு அனுப்புவோம் என்றேன். இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. பிரான்சில் ஹென்றி ஷமூ செய்த ஆர்க்கியோஃபோன் மிக மெல்லிய முனையால் மின்முறையில் படிக்கிறது. பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழுவினர் தொடாமலே ஒளியால் பள்ளத்தைப் படமெடுத்து ஒலியாக்கினார்கள். சாண்டா பார்பரா பல்கலைக்கழகம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகளைக் கணினிக்கு மாற்றி, யாரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. அவருக்கு இதெல்லாம் புரிந்தது. சம்மதித்தார். சில வாரங்களில் பதிவு வந்தது. ஒரு வயலின், சுருதி சேராமல். நடுவில் யாரோ இருமுகிறார்கள். முடிவில் ஒரு சிரிப்பு, வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு அவர் கேட்டார், இப்போது ஒரே ஒரு தடவை பெட்டியில் போடுவீர்களா என்று. பிரதி பேரப்பிள்ளைகளுக்கு, இது எனக்கு என்றார். இந்தத் துறையில் கண்டிப்பானவர்கள் முடியாது என்றிருப்பார்கள். நான் கனம் குறைந்த பழைய வகை ஒலிப்பெட்டியைத் தேடி எடுத்து, புது ரப்பர் வளையம் போட்டு, முனையை இரண்டு தடவை பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைத்து வைத்தேன். பழுப்பு உருளைகள் பல 160க்கும் குறைவான வேகத்தில் பதிந்தவை. கணினிப் பதிவில் இருந்ததில் பாதிகூடக் குழலில் கேட்கவில்லை. இருமல் கேட்கவில்லை. வயலின் கேட்டது. அவர் குழலுக்குப் பக்கத்தில் வராமல் அறையின் மறுகோடியில் போய் நின்றார். சின்ன வயதில் அங்கேதான் நிற்கச் சொல்வார்கள், பெட்டியைத் தொடக் கூடாது என்று விளக்கினார்.

அந்த உருளை ஒரு குடும்பத்துடையது. மொழிகளும் மக்களும் இருக்கும் உருளைகள் வேறு உண்டு. 1890இல் மெய்ன் மாநிலத்தில் ஃப்யூக்ஸ் என்பவர் பாசமகுவாடி மக்களின் குரலை எடிசன் கருவியில் பதிந்தார், களப் பதிவின் தொடக்கம் என்று அதைச் சொல்வார்கள். 1907-08இல் செலிக்மன் தம்பதியினர் இலங்கைக்கு ஒரு போனோகிராஃபைச் சுமந்துபோய் வேடர்களின் பாட்டுகளைப் பதிந்தார்கள். 1911இல் வந்த அவர்களுடைய நூலில் அந்த உருளைகளைக் கேட்டு இசை பற்றிய இயலை எழுதியவர் சி.எஸ். மையர்ஸ். சுரத்தைக் குறித்துக்கொள்ள அவர் உருளையைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்க வேண்டும். வேறு வழி அன்று இல்லை. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்த மெழுகில் எவ்வளவு தேய்மானம் ஆய்வுக்காக, எவ்வளவு காலத்தால் என்று நான் யோசிப்பதுண்டு. பாடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கேட்கும் என்பது அந்தக் காலத்து ஊசி முனையின் கூர்மையைப் பொறுத்தும்தான்.

பெட்டி என் மேசையை விட்டுப் போகும்போது அடிப்பலகையின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டுவேன். வில்சுருள் புதியது, இந்த ஆண்டு. ரப்பர் வளையம் புதியது. காக்காய்ப்பொன் வட்டு புதியது. பழையது உறையில், இதோடு. தோல் வார் என் கைவேலை. ஊசி அசல், சில்லு இல்லை. திருகு இரண்டு வேறு பெட்டியிலிருந்து. ஆங்கிலத்தில் எழுதி, கீழே தேதியைத் தமிழில் போடுவேன். அடுத்துத் திறப்பவர் யாரோ, அவருக்கு.

இப்போது மேசையில் ஒரு ஜெம் இருக்கிறது. எடிசன் செய்தவற்றில் சிறியது, 1899இல் 7.50 டாலர் விலை. வேகக் கட்டுப்பாட்டின் மூன்று இலைகளில் ஒன்று உடைந்திருக்கிறது. மூன்றும் ஓஹையோவிலிருந்து தபாலில் வந்துகொண்டிருக்கின்றன.